குறைந்த அழுத்தம்

சென்ற இதழுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த கட்டுரை இதுவல்ல. சமீபத்திய கவிதைத் தொகுப்புகள் ஏழெட்டை வைத்துக்கொண்டு ஏதாவது எழுதும்படி ஆசிரியர் கேட்டிருந்தார். தொகுப்புகள் மேஜைமேல் இருக்கின்றன. இரண்டு பாராக்கள் எழுதியும் ஆயிற்று. படித்துப் பார்த்தால், எப்போதும் நான் எழுதுகிற அதே பாராக்கள். அங்கே நிறுத்திவிட்டேன். மேற்கொண்டு எழுதுமுன் பழைய கணக்கு ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அது என் வீட்டுப் பின்புறத்துப் பட்டறையில், ஒரு பிளாஸ்டிக் குழாயும் கொஞ்சம் தண்ணீரும் கிளப்பிவிட்ட கணக்கு. ஆகவே காற்றழுத்தத்தைப் பற்றிச் சற்று விவரமாகவே சொல்லவேண்டி வரும். இந்தப் பக்கங்களில் இதற்கென்ன வேலை என்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கேட்கலாம்.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முன்பு மாடு கட்டியிருந்த இடம், பத்தடிக்கு எட்டடி. ஒரு வைஸ், துளைபோடும் மெஷின், இரண்டு இழைப்புளி, சில உளிகள், மரத்தூளை உறிஞ்ச ஒரு பழைய வாக்குவம் கிளீனர். பகல் முழுதும் கவுண்டரில் பிறர் பணத்தை எண்ணுகிறவனுக்குச் சாயங்காலம் எண்ண வேண்டியிராத எதையாவது கையில் எடுக்கத் தோன்றுகிறது. என் அம்மாவின் சுருதிப் பெட்டி ஒரு நாள் மூச்சுவிட மறுத்தது. அதைப் பிரித்துப் போட்டேன், தற்செயலாகச் சரியாகிவிட்டது. அந்தத் தற்செயல் ஊரில் பரவி, சுருதிப் பெட்டிகளும் ஆர்மோனியங்களும் வர ஆரம்பித்தன. கூலி வாங்குவதில்லை. வாங்காததால் திறமையைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. விமர்சகனாக நான் இயங்குவதும் ஏறக்குறைய இதே ஏற்பாட்டில்தான்.

மூன்று வருஷங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் ஒரு முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். 40 கவிதைகள். எழுதியவர் ஐம்பதைத் தாண்டியவர். பெயர் வேண்டாம், நம்மில் சிலருக்குத் தெரியும். ஒன்றரைப் பக்கத்தில் நான் சொன்னதன் சாரம், இந்தக் கவிதைகளில் அழுத்தம் இல்லை என்பதே. ‘முள் அசையவே இல்லை’ என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். எழுதியபோது அது எனக்குப் பிடித்திருந்தது. நண்பர்கள் இருவர் அந்த வாக்கியத்தைப் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். தொகுப்பைப் பற்றி இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் கவிதை எதையும் எந்தப் பத்திரிகையிலும் நான் பார்க்கவில்லை.

போன கார்த்திகையில் அவர் எங்கள் கிளைக்கு வந்தார். தாயாரின் குடும்பப் பென்ஷனுக்கு உயிருடன் இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்தும் கவுண்டரை விட்டு நகரவில்லை. “தம்பி, நீங்க ஆர்மோனியமெல்லாம் பாப்பீங்களாமே? அப்பா பெட்டி ஒண்ணு கெடக்கு. கொண்டாரவா?” என்றார். “கொண்டுவாங்க சார்” என்றேன். மதிப்புரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்திருக்க மாட்டார். முதல் தொகுப்புக்கு வந்த ஒரே மதிப்புரையை எவனும் மறப்பதில்லை.

அவருடைய அப்பா ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்துப்போன நாடகங்கள் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும்போது, மேடையோரம் உட்கார்ந்து, நடிகன் எந்தச் சுருதியில் எந்தப் பாட்டை எடுத்தாலும் கூடவே போகவேண்டியவர் ஆர்மோனியக்காரர். மேடையில் அவருக்குக் காலால் மிதிக்கிற பெட்டி. என்னிடம் வந்தது வீட்டில் வைத்திருந்த கைப்பெட்டி. பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, “காத்து நிக்க மாட்டேங்குது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆர்மோனியம் 1840இல் பாரிஸில் டெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற கருவி. கல்கத்தாவுக்கு வந்து, காலை விட்டுக் கைக்கு மாறிற்று. உள்ளமைப்பு எளிமையானது. பின்னாலிருக்கும் துருத்தி காற்றைத் திரட்டுகிறது. அந்தக் காற்று ஒரு தோல் மடலைத் தள்ளிக்கொண்டு, அடியிலிருக்கும் இரண்டாவது துருத்திக்குப் போகிறது. மடல் அதைத் திரும்ப விடாது. இரண்டாவது துருத்தியை ஸ்பிரிங்குகள் அழுத்திக்கொண்டே இருக்கின்றன. கட்டையை அழுத்தினால் ஒரு துளை திறக்கும். துளைக்கடியில் பித்தளை நாக்கு ஒன்று காற்றில் துடித்து ஒலிக்கும். ஆக, பெட்டியின் குணத்தை முக்கியமாக நிர்ணயிப்பவை இரண்டு. ஸ்பிரிங் காற்றை எவ்வளவு அழுத்துகிறது? அந்த அழுத்தத்துக்கு நாக்குகள் எப்படிப் பதில் சொல்கின்றன?

காற்று எவ்வளவு நிற்கிறது என்று அளந்துவிடலாம் என்று நினைத்தேன். ஸ்கூட்டர் டயருக்கு வைத்திருந்த முள் கேஜ் கையில் இருந்தது. ஒரு கட்டையைக் கழற்றி, அடியிலிருந்த துளையில் ரப்பர் கார்க்கைச் செருகி, அதன்வழியே ஒரு குழாயைக் கேஜுக்குக் கொடுத்தேன். துருத்தி போட்டேன். முள் பூஜ்யத்திலேயே நின்றது. வேகமாகப் போட்டேன். அப்போதும் அப்படியே. காற்றே இல்லை என்று முடிவுகட்டி, பக்கத்துக் கட்டையில் விரலை வைத்தேன். பெட்டி பாடிற்று.

கையைக் கட்டையிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முள் அசையவில்லை, பெட்டி பாடுகிறது. இரண்டும் என் கண்முன், ஒரே கணத்தில்.

விஷயம் பள்ளிக்கூடப் பாடம்தான். டயர் கேஜுக்குள் இருப்பது வளைந்த தட்டைக் குழாய் ஒன்று. உள்ளே அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அந்த நிமிர்வு பற்சக்கரத்தின் வழியாக முள்ளைத் திருப்பும். 1849இல் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை பெற்ற அமைப்பு. நீராவிக்கும் டயருக்கும் அது போதும். டயரில் 25, 30 பவுண்டு. ஒரு பவுண்டு என்பது சுமார் 70 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும் அழுத்தம். ஆர்மோனியத்துக்குள் இருப்பதோ சில சென்டிமீட்டர். குழாயின் விறைப்புக்கு அது உறைக்காது. ரத்த அழுத்தம் பார்க்கும் டாக்டரின் கேஜ் மென்மையானதாயிற்றே என்று அதையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். அதன் முகத்தில் 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை கோடுகள். பாதரசம் தண்ணீரைப்போல் 13.6 மடங்கு கனம்; அதில் 1 மில்லிமீட்டர் என்றால் தண்ணீரில் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர். முள் இரண்டு கோடுகூட நகரவில்லை. மனிதனின் ரத்தத்தை அளக்கும் கருவிக்கே இந்தக் காற்று எட்டவில்லை.

கடைசியில் கொத்தனாரிடம் போனேன். தளமட்டம் பார்க்க அவர்கள் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஒன்றரை மீட்டர் வாங்கி, ஆங்கில ‘யு’ எழுத்துபோல் வளைத்துப் பலகையில் பதித்தேன். நடுவே ஒரு ஸ்கேல். பாதி உயரத்துக்குத் தண்ணீர், தெரிவதற்காக ஒரு சொட்டு இங்க். ஒரு முனை பெட்டிக்கு, மறுமுனை வெளியே திறந்தபடி. மானோமீட்டர் என்கிறார்கள். இதைவிட மலிவான அழுத்தமானி கிடையாது. இதைவிட நேர்மையானதும் கிடையாது. முள் கேஜ் வருஷங்களில் பொய் சொல்லப் பழகிவிடும். தண்ணீருக்கு ஈர்ப்பைத் தவிர வேறு எஜமானன் இல்லை.

துருத்தி போட்டேன். ஒரு பக்கம் நீர் இறங்கிற்று, மறுபக்கம் ஏறிற்று. ஏறிய பக்கத்தைப் பார்த்து 2.5 சென்டிமீட்டர் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாள் கவுண்டரில் ஒரு ரசீதில் பற்றும் வரவும் இரு பக்கமாக நின்றதைப் பார்த்தபோதுதான் தப்பு உறைத்தது. ஒரு பக்கம் ஏறியது 2.5 என்றால் மறுபக்கம் இறங்கியதும் 2.5. அழுத்தம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது 5. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தவன் பாதியைத்தான் எழுதுவான். இதையும் குறித்துவைத்தேன்.

கழற்றிய கட்டையின் துளையில் குழாய் இருக்கும்போது அந்த ஸ்வரம் ஒலிப்பதில்லை. காற்று அங்கே ஓடுவதில்லை. அழுத்தம் மட்டும் வந்து நிற்கிறது. சப்தமில்லாமல் நிற்கிற ஒன்றை அளப்பதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

அதன்பின் இந்தக் குழாய்க்கு நான் கண்டுபிடித்த வேலைகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு உதவும். வாக்குவம் கிளீனரின் தூசிப்பைக்கு முன்னால் ஒரு முனையும் பின்னால் ஒரு முனையும் கொடுத்தால், பை அடைக்க அடைக்க வித்தியாசம் ஏறும். புதுப் பையில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கானால் பையைத் தட்டிப் போடவேண்டும். மகளின் மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் குட்டி பம்பு சோர்ந்துவிட்டதா என்று பார்க்கக் குழாய்கூட வேண்டாம். காற்று முனையை ஒரு வாளியில் ஆழ ஆழ முக்கினால், எந்த ஆழத்தில் குமிழி நிற்கிறதோ அதுதான் அந்த பம்பின் அதிகபட்ச அழுத்தம். அதே பம்பின் காற்றை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் அடிவரை ஒரு மெல்லிய குழாயில் விட்டு, குழாயில் கீழே ஒரு கிளை எடுத்தால், தொட்டியில் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் இருக்கிறதென்று ஏணி ஏறாமலே தெரியும். ஒரு மீட்டர் ஆழத்தை அளக்க அவ்வளவு நீள ‘யு’ குழாய் வேண்டும் என்பதால், பழைய இரும்புக் கடையில் எடுத்த ஒரு டயல் கேஜை அதற்கு வைத்திருக்கிறேன். அது வேறு ஜாதி. உள்ளே வளைந்த குழாய் இல்லை. அலை அலையாக மடித்த இரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டிய ஒரு கூடு. வீடி என்பவர் 1844இல் செய்த திரவமில்லாத பாரோமீட்டரின் வழியில் வந்தது. முகத்தில் 0 முதல் 1000 மில்லிமீட்டர் தண்ணீர் என்று கோடு. வருஷத்துக்கு ஒருமுறை அதைத் தண்ணீர்க் குழாயோடு சேர்த்து வைத்துச் சரிபார்த்துக்கொள்கிறேன். வீட்டு அடுப்புக்கு வரும் சமையல் வாயுவும் இந்த ரகந்தான். ரெகுலேட்டரைத் தாண்டி அது சுமார் 30 சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தத்தில் வருகிறது. அதில் மட்டும் நான் கைவைப்பதில்லை. அதற்கு ஆள் இருக்கிறார்கள்.

5 சென்டிமீட்டருக்கும் குறைவானதைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு உபாயம் உண்டு. ஒரு கையை நேராக நிறுத்தாமல், பத்துக்கு ஒன்று என்ற சரிவில் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். நீர் ஒரு மில்லிமீட்டர் உயர, சரிவில் அது பத்து மில்லிமீட்டர் நடந்தாகவேண்டும். அளக்கப்படுவது மாறவில்லை, அளப்பவன் கொஞ்சம் சாய்ந்துகொண்டான், அவ்வளவுதான்.

பெட்டிக்கு வருகிறேன். துருத்தி போடுகிறவரை 5 சென்டிமீட்டர் நின்றது. கையை எடுத்ததும் 9 விநாடியில் இரு பக்கமும் சமமட்டமாயிற்று. ஒழுகல். ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டுமூட்டாகக் காட்டிக்கொண்டு போனேன். புகை எங்கே விலகுகிறதோ அங்கே ஓட்டை. துருத்தி மடிப்பின் இரண்டு மூலைகள், ரீட் பலகையின் ஒரு விளிம்பு, மடல் தோலின் ஒரு சுருக்கம். ஆட்டுத்தோலும் வஜ்ரமும் வைத்து நான்கையும் அடைத்தேன். இப்போது 70 விநாடி நின்றது. ஆனால் அளவு அதே 5.

மற்றப் பெட்டிகளில் 7, 8 பார்த்திருக்கிறேன். இது குறைவு. ஸ்பிரிங் தளர்ந்திருக்க வேண்டும் என்று தீர்மானித்துப் புது ஸ்பிரிங்குகள் போட்டேன். 8 காட்டிற்று. சப்தம் அறையை நிறைத்தது. நாலைந்து ஸ்வரங்கள் மட்டும் எழும்பத் தயங்கின. தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் ஒரு கணம் அடைத்து, பிறகு வந்தன. பழகினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவருக்குச் சொல்லியனுப்பினேன்.

அவர் வந்து உட்கார்ந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இரண்டு நிமிஷம் வாசித்தார். நிறுத்திவிட்டு, பெட்டியின்மேல் கையை வைத்தபடி, “அப்பா பெட்டி இப்படி அதட்டாது தம்பி” என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். நாடகம் விட்டு அப்பா வீடு வந்துசேர விடியற்காலம் ஆகிவிடும். வந்தவுடன் தூக்கம் வராது. ராத்திரி நடந்ததை மறுபடி ஒருதடவை தனக்காக வாசித்துப் பார்ப்பார். ஒரே அறை. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். “எங்களை எழுப்பிரக் கூடாதுன்னு ஸ்பிரிங்கையெல்லாம் எளக்கிவச்சிருந்தார். நாங்க முழிச்சுத்தான் இருப்போம். முழிச்சிருக்கோம்னு தெரிஞ்சா நிறுத்திருவாரேன்னு அசையாமக் கெடப்போம்.”

அவர் போனபின் பெட்டியை மீண்டும் திறந்து, தயங்கிய நாக்குகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாக்கின் நுனி சட்டத்திலிருந்து மயிரிழை உயர்ந்து நிற்கவேண்டும். இடைவெளி அதிகமானால் அதை எழுப்ப நிறையக் காற்று வேண்டும். குறைவானால் மெல்லிய காற்றுக்கே எழும்; ஆனால் பலமாக ஊதினால் அடைத்துக்கொள்ளும். இந்தப் பெட்டியில் எல்லா நாக்குகளையும் யாரோ பொறுமையாக ஒவ்வொன்றாக அமுக்கி, இடைவெளியைக் குறைத்துவைத்திருந்தார்கள். அந்த 5 சென்டிமீட்டர் பழுது அல்ல, ஒரு ஏற்பாடு. ஸ்பிரிங்கும் நாக்கும் ஒன்றுக்கொன்று பேசிவைத்துக்கொண்டிருந்தன. நான் நடுவில் புகுந்து ஸ்பிரிங்கை மட்டும் திருத்தினேன். பழைய ஸ்பிரிங்குகளைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தது என் அதிர்ஷ்டம். திரும்ப மாட்டினேன். எந்த ஸ்வரமும் தயங்கவில்லை.

இனி இலக்கியம். நான் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. எங்களுக்குக் கல்லூரியில் கிடைத்த விமர்சனச் சொற்களில் பெரிய சொல் ‘டென்ஷன்’. ஆலன் டேட் 1938இல் எழுதிய கட்டுரையிலிருந்து அது புறப்பட்டு, உரைநூல்கள் வழியாகத் தேய்ந்து, எங்களிடம் வந்துசேர்ந்தபோது ‘கவிதை விறைப்பாக இருக்கவேண்டும்’ என்பதாகச் சுருங்கியிருந்தது. டேட் சொன்னது இதுவல்ல. சொல்லின் வெளிப்பொருளும் உட்பொருளும் ஒரே சமயத்தில் இழுத்துப் பிடித்து நிற்பதையே அவர் பேசினார். அது மெதுவாகவும் நடக்கலாம். நான் எடுத்துக்கொண்டது டயர் கேஜ். முரண், அதிர்ச்சி, படிமங்களின் மோதல் இவையெல்லாம் 25, 30 பவுண்டு சமாச்சாரங்கள். அவை உள்ள இடத்தில் என் முள் நன்றாகவே வேலை செய்தது. இல்லாத இடத்தில் பூஜ்யம் காட்டிற்று. பூஜ்யம் கருவியுடையதா கவிதையுடையதா என்று நான் கேட்கவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. ‘எழுத்து’ (1959–1970) பக்கங்களில் புதுக்கவிதை வந்தபோது யாப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தவர்கள் ஓசை இல்லை என்றார்கள். அவர்கள் கருவி பழுதல்ல. அதன் வீச்சுக்குள் இது வரவில்லை. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971இல்தான் அது தளர்ந்தது. கமகம் வராது, சுரங்கள் கட்டிவைத்தபடி நிற்கின்றன என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு உண்மையும்கூட. ஆனால் அந்த 31 வருஷங்களும் அந்தப் பெட்டி நாடக மேடையில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. கமகத்தை வைத்து அளந்தவர்களுக்கு அந்த வேலை தெரிந்திருக்க நியாயமில்லை. புதுக்கவிதைக்காரர்களான நாம் அந்த யாப்புக்காரர்களைக் கேலி செய்துவிட்டு, அவர்கள் செய்ததையே வேறு கேஜோடு செய்கிறோம் என்று எனக்குப் படுகிறது.

இங்கே ஒரு அபாயம் இருக்கிறது. ‘மென்மையாகச் சொல்லியிருக்கிறார்’ என்று எந்த வெறுமையையும் நியாயப்படுத்திவிடலாம். நம்மிடையே அதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். ஆகவே பெட்டி கற்றுத்தந்த மற்றதையும் சொல்லவேண்டும். பெட்டி வந்த அன்று 5 சென்டிமீட்டர். அடைத்தபின்னும் 5 சென்டிமீட்டர். துருத்தி போட்டுக்கொண்டே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கையை எடுத்தால்தான் ஒன்று 9 விநாடியில் விழுகிறது, மற்றது 70 விநாடி நிற்கிறது. குறைவாக இருப்பது வேறு; ஒழுகுவது வேறு. எவ்வளவு என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். நிற்கிறதா என்பதைச் சொல்லக் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மதிப்புரை எழுதுகிறவனிடம் இல்லாதது இந்தக் காத்திருப்பு. புத்தகத்தைப் படித்துக்கொண்டே எழுதுகிறோம். அதாவது துருத்தி போட்டுக்கொண்டே.

அந்தத் தொகுப்பை மறுபடி எடுத்தேன். ஒரு ராத்திரிக்கு ஒரு கவிதை; படித்துவிட்டு மூடிவைப்பது; மறுநாள் கவுண்டரில் டோக்கன்களுக்கிடையில் அது இருக்கிறதா என்று பார்ப்பது. 40 நாள் ஆயிற்று. பாதிக்கு மேற்பட்டவை ஒழுகத்தான் செய்கின்றன. கடைசி வரியில் ஒரு நியாயம் சொல்லிவிடும் பழக்கம் அவருக்கு உண்டு. காற்று அந்த மூலையில் போய்விடுகிறது. மதிப்புரையில் நான் இதைச் சொல்லியிருக்கலாம். அவருக்கு உபயோகப்பட்டிருக்கும். சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு கவிதைகள் நின்றன. நின்றவற்றில் ஒன்றில் இருப்பது இவ்வளவே: ஒருவர் விடிகாலையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படி ஏறுகிறார், கதவு சாத்தியிருக்கவில்லை. ‘நிகழ்ச்சியே இல்லாத கவிதை’ என்று அதைத்தான் உதாரணமாகக் காட்டியிருந்தேன்.

இந்த இடத்தில் என்னோடு படித்தவர்கள் ஆட்சேபிப்பார்கள். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் ஆசிரியர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதியதை 1929இல் புத்தகமாகப் போட்டது எதற்கு? கவிதை, காகிதத்தில் உள்ளதைக் கொண்டு நிற்கவேண்டும். அப்பாவின் கதை தெரிந்தபின் கவிதை நன்றாகிவிட்டது என்றால் அது விமர்சனமா, அனுதாபமா? கேள்வி நியாயமானது. பல நாள் இதை யோசித்தேன். என் பதில்: கதை கவிதைக்கு எதையும் சேர்க்கவில்லை. செருப்பு கையில் இருக்கிறது என்பது காகிதத்தில் முன்பே இருந்தது. கதவு சாத்தியிருக்கவில்லை என்பதும் இருந்தது. உள்ளே தூங்குகிறவர்களுக்காக ஒருவன் நடையை அடக்கிக்கொள்கிறான். உள்ளே இருப்பவர்கள் அவனுக்காகக் கதவைத் திறந்துவைத்திருக்கிறார்கள். இரு பக்கமும் அங்கேயே இருந்தன. ஏறிய பக்கத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

மதிப்புரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அறிவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அச்சானது அச்சானதுதான். வங்கியில் தவறான பதிவை அழிக்கமாட்டோம். அது அப்படியே இருக்க, கீழே இன்னொரு பதிவு போட்டு நேர்செய்வோம். இது அந்தப் பதிவு. தொகை நேராகிவிட்டதா என்பதை நான் சொல்ல முடியாது.

பெட்டியை வாங்கிப்போக அவர் வந்த அன்று மழை. பட்டறையிலேயே உட்கார்ந்து வாசித்தார். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப்பார்த்து, “யாரோ வாசிக்கிற மாதிரி இருந்துச்சு, ரேடியோவான்னு பாக்க வந்தேன்” என்றாள். அவ்வளவு மெல்லிய சப்தம். கிளம்பும்போது, ரொம்பத் தயங்கி, “இப்ப எழுதறதில்லையா சார்?” என்று கேட்டேன். “எழுதறேன். அனுப்பறதில்ல” என்றார். பார்க்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. பெட்டியை ஒரு பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

குழாய் இப்போது பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. திறந்த முனை வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துபோகிறது. ஒவ்வொரு தடவையும் அளக்குமுன் நீர் ஊற்றி, இரு பக்கமும் சமமாகும்வரை நின்று, அந்த இடத்தைப் பூஜ்யம் என்று புதிதாகக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கார்த்திகை ஈரத்தில் ஒட்டிய தோல். சித்திரை வெயிலில் மரம் சுருங்கும்போது மூலைகள் மறுபடி விட்டுக்கொடுக்கலாம். அப்போது ஒருதரம் கொண்டுவரும்படி சொல்லியிருக்கிறேன். மேஜைமேல் இருக்கும் ஏழெட்டுத் தொகுப்புகளுக்கும் அதுவரை அவகாசம் தரும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.